வலக்கைப் பச்சைமுத்து

தொம்மலூர் தனக்கோடி ஓவியக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்தபோது, மாணவர்கள் வீசியெறிந்த லினோலியத் துண்டுகளைப் பொறுக்கி வந்து செதுக்கப் பழகியவர். சிவாஜிநகர் கறிக்கடை, பூப்பல்லக்கு, நின்றபடியே தூங்கும் கண்டக்டர் என்று ஊரையே செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டார். காகிதத்தின் முதுகைத் தேய்க்க மனைவி அம்புஜத்தின் சாம்பார்க் கரண்டி. படங்களை வாங்குவதெல்லாம் அடுக்குமாடி ஐடி ஜனங்கள்தான். படத்தில் இருப்பவர் ஒருவராவது தன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமே என்பதுதான் அவருக்கு ஏக்கம். கறிக்கடைக்காரர் மரியாதையாக வாங்கி, தராசுக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

தமட்டைப் பறை அடிக்கும் பச்சைமுத்து நிச்சயம் மாட்டுவார் என்று நம்பினார். நாலு சாயங்காலம் அசையாமல் நின்றவராயிற்றே. செதுக்கியது ஒற்றும்போது இடம் வலமாகும். அதனால் தமட்டையின் மேல் பச்சைமுத்துவின் பெயரைத் தலைகீழாய் நின்று திருப்பிச் செதுக்கி, கண்ணாடியில் மூன்று முறை சரிபார்த்தார். தடிக்குச்சியும் மெல்லிய குச்சியும் பிடித்த கைகளை மட்டும் கண்ணால் பார்த்தபடியே செதுக்கிவிட்டார்.

மாரியம்மன் திருவிழாவன்று காலை பச்சைமுத்து வந்தார். மேஜையில் ஈரம் காயாத படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா குரு இது? தடிக்குச்சி சோத்துக்கையில இல்ல இருக்கணும்? இத மாட்டுனா எம்பொண்டாட்டியே யாரு இதுன்னு கேப்பா.”

“பேரு கரெக்டா இருக்குதேப்பா.”

“பேரா அடிக்குது?”

அவர் போய்விட்டார். தனக்கோடிக்கு மனசே விட்டுப்போயிற்று. குளிக்கப் போனார்.

அவர் குளித்து வருவதற்குள் அம்புஜம், திருவிழாவுக்குத் தேய்த்த புது வேட்டியை மேஜையில் அந்த ஈரப் படத்தின் மேலேயே வைத்து, அதன் மேல் அரிசிப் பையையும் இறக்கினாள். வீட்டில் இருப்பது ஒரே மேஜை. வேட்டியை எடுத்து உதறியபோது நட்டநடுவில் கன்னங்கரேலென்று பச்சைமுத்து.

“வெள்ளையா ஒண்ணு இந்த வீட்ல தங்குமா?” என்று அவள் ஆரம்பித்தாள். தனக்கோடி காதில் விழவில்லை. தடிக்குச்சி வலக்கையில் இருந்தது. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, ஈரத்தலையும் பழைய பேன்ட்டுமாய்க் கோயிலுக்கு ஓடினார்.

பச்சைமுத்து நெருப்பில் தமட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வேட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“இது நான்தான்.”

“பேரு மட்டும் திரும்பிப்போச்சு,” என்றார் தனக்கோடி. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“என் பேர யாரு குரு படிச்சுத் தெரிஞ்சுக்கணும் இந்த ஏரியாவுல?”

வேட்டி இப்போது பச்சைமுத்து வீட்டுக் கூடத்தில் நாலு ஆணியில் நிற்கிறது. பெயரைப் படிக்க எதிரே ஒரு கண்ணாடி வைக்கலாமே என்றாள் அம்புஜம். பச்சைமுத்து ஒப்பவில்லை, “கை மாறிடும் அண்ணி” என்றுவிட்டார். ஞாயிறுதோறும் தனக்கோடி தன் தவற்றுக்கு நேர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார். சர்க்கரை தூக்கல்தான். இருந்தும் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்குகிறார்.