புல்லியில் இருந்த பொட்டு

மகளுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து இருமல். ஞாயிறு காலையில் அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். இழுப்பு தொடங்கவில்லை. தொடங்கினால், அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பெரிய ஏற்றம் ஏற வேண்டும். த்ரீவீல் ஆட்டோவில் போனால் குளிர்காற்று நேரே அவள் முகத்தில் அடிக்கும். போன மழைக்காலத்தில் அப்படிப் போய்த்தான் முற்றிவிட்டது. அதற்காகவே இந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினோம். என்னைவிட வயதில் மூத்தது.

அந்தக் கார் கொஞ்ச நாளாக ஏற்றத்தில் தட்டியது. தகரத்தில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். கடைசியாகப் போனபோது பாதி ஏற்றத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு மகள் நன்றாகத்தான் இருந்தாள். இல்லாதிருந்தால்? அந்த நினைப்பு என்னை விடவேயில்லை.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கணவர் கழற்றிப் பூட்டிய பிறகுதான் இந்தச் சத்தம்.

"புல்லியில இருக்கிற குறியப் பார்த்துத்தானே வச்சேன்," என்றார். "வெள்ளையா, பளிச்சுன்னு இருக்கு."

"அந்தக் குறி சரியான்னு பார்த்தீங்களா?"

"குறியச் சரி பார்க்க இன்னொரு குறியா? டீச்சரம்மாவுக்கு எல்லாத்தையும் ரெண்டு தரம் திருத்தணும்."

காருடைய ஆங்கிலப் புத்தகத்தை நான்தான் வாசித்தேன். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற புல்லியில் ஒரு கோடு. பக்கத்து மூடியில் பல் பல்லாக அளவு. முதல் சிலிண்டருக்குள் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அந்த உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தீப்பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தி விழுந்தால் ஏற்றத்தில் தட்டும். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது தமிழ். தப்பாக வாசித்து உள்ளதையும் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சக்கரத்துக்குக் கல் வைத்தோம். முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையைப் பெருவிரலால் மூடிக்கொண்டேன். அவர் குனிந்து ஸ்பேனரால் புல்லியைச் சுற்றினார். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் மேலே வருகிறது. உடனே மகள் உறிஞ்சிக் குடிக்கிற நீள ஸ்ட்ரோ ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, உள்ளே விழுந்துவிடாமல் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து லயத்து வீட்டு அக்கா விறகுக் கட்டோடு போனவர் நின்றார். "என்னா தங்கச்சி, காருக்கு இளநியா குடுக்கிறீங்க?"

"சளிங்கக்கா. மருந்து ஊத்துறோம்," என்றார் இவர் அடியிலிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ட்ரோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தா, வெள்ளைக் குறி பூஜ்யத்துக்கு வந்திருச்சு."

"ஸ்ட்ரோ இன்னும் ஏறுதுங்க."

"ஏறக் கூடாதே!"

"ஏறுதுங்க. சுத்துங்க."

வெள்ளைக் குறி பூஜ்யத்தைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம்தான் ஸ்ட்ரோ நின்றது. ஆனால் நின்ற இடத்தில், புல்லி கொஞ்சம் சுற்றியும் அது அசையவில்லை. அப்படியானால் உச்சி எது? மறுபடி சுற்றச் சொன்னேன். ஸ்ட்ரோவில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோடு ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை ஓட்டை விளிம்புக்கு வந்ததும், பூஜ்யத்துக்கு நேரே புல்லியில் சோக்கால் அடையாளம் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் உச்சி. அந்த இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்தார். துருவுக்கு அடியில் மயிர் போல ஒரு வெட்டுக் கோடு தெரிந்தது.

"அப்ப இது என்னா?" என்று வெள்ளைக் குறியை நகத்தால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது. நடுவில் மங்கிய சிவப்பு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆயுத பூஜையன்று பானட்டைத் திறந்து, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் அவர்தான்.

"பொட்டப் பார்த்தா டைமிங் வச்சேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமி மேல பழியப் போட முடியாது."

வெட்டுக் கோட்டில் என் நகப்பூச்சைத் தடவினோம். அது காய்ந்ததும் புத்தகம் சொன்ன பல்லுக்கு நேரே அதைக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரை அதற்கேற்பத் திருப்பி இறுக்கினார். நான் இன்னொரு முறை ஸ்ட்ரோவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். கோடு மாறவில்லை.

சாயங்காலம் பிளக்கைத் திரும்பப் பூட்டி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். மகளைத் தனியே விட முடியாமல், போர்த்திப் பின் இருக்கையில் என் மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கமாகத் தட்டத் தொடங்கும் வளைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தட்டவில்லை. கார் சீராக ஏறியது.

"பார்த்தியா? ஒரு சத்தம் இருக்கா?" என்றார்.

இருந்தது. எஞ்சின் அடங்கியதால்தான் எனக்குக் கேட்டது. மடியிலிருந்து, மெல்லிய விசில் போல. எப்போதிலிருந்து? காலையில் காதை வைத்தபோதும் இருந்து, நான்தான் பிடிக்கத் தவறினேனா? நாள் முழுக்க அந்த இரும்பின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேனா?

"இந்த வளைவில திருப்பவா?"

"திருப்பாதீங்க. பாப்பாவுக்கு இழுக்குது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் கியரை மாற்றினார். நான் கண்ணாடியை இறுக மூடிவிட்டு, மகளின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். கார் ஏறிக்கொண்டிருந்தது.