போட்ட கையெழுத்து போட்டதுதான்

என் அக்காள் அம்சத்தின் புருஷன் வைரக்கண்ணு. வலங்கைமான் வட்டாரத்தில் அவர் கையெழுத்து இல்லாத காகிதம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் உங்களுக்கு நான் விருந்தே வைக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் எழுத்தராக இருந்து, காகிதம் பார்த்தே கண் கெட்டவன் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் சாட்சி அவர். பயிர்க்கடனுக்கு ஜாமீன் அவர். தெருவில் நாய்த் தொல்லை தாங்கவில்லை என்று பஞ்சாயத்துக்கு மனு போனபோது முதல் கையெழுத்து அவருடையது. அந்த நாயும் அவருடையதுதான்.

கையெழுத்து என்றால் சாதாரணக் கையெழுத்தா? பெயரை எழுதி முடித்ததும் கடைசி எழுத்தின் வாலைக் கீழே இறக்கி, இடப்பக்கமாகக் கொண்டுபோய், பெயருக்கு மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து அடியில் இரண்டு புள்ளி வைப்பார். புள்ளி வைக்கும்போது நாக்கின் நுனி வெளியே வரும். பதிவு ஆபீசில் ஒருவர், "கையெழுத்து போடுறீங்களா, வேலி அடைக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மச்சான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னார்.

இந்தப் பித்துக்கு ஒரு காரணம் உண்டு. அது மட்டும் சிரிப்பு விஷயம் இல்லை. அவருடைய அப்பா கண்ணுசாமி, ஒரு மிராசுதாரரிடம் மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு வாங்கிச் சாகுபடி செய்தவர். குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த சமயம், மிராசுதாரரின் காரியக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். "உரத்துக்கு மனு. கைநாட்டு வை" என்றார். கண்ணுசாமி வைத்தார். நிலத்தை நானே மனமுவந்து விட்டுவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. நாற்றைப் பறித்து முடிபோட்டு வைத்திருந்த நாளில் வரப்பை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். அப்போது மச்சானுக்குப் பதினாலு வயது. அப்பாவின் கட்டைவிரலில் மை நாலு நாள் போகவில்லை என்று சொல்வார். அந்த வாரமே அவர் ஒரு தபால்காரரைப் பிடித்துத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு, ஆற்று மணலில் எழுதி எழுதிப் பழகினாராம்.

பிறகு நெல் மூட்டை தூக்கினார். சிங்கப்பூர் போய் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்தார். திரும்பி வந்து மிராசுதாரரின் பேரனிடம் அதே மூன்று மாவை விலைக்கு வாங்கினார். அன்றைக்குப் பத்திரத்தில் போட்ட கையெழுத்துதான் அவர் வாழ்நாளிலேயே பெரியது.

மற்றபடி அவர் நல்ல மனுஷர். காலையில் துரைக்கண்ணு டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "அநியாயத்தப் பாத்தியாப்பா?" என்று பெருமூச்சு விடுவார். எந்த அநியாயம் என்று பக்கத்தில் இருப்பவர்களே எடுத்துச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். பஸ் வந்தால் ஏறும் முன் கண்டக்டரிடம், "இது நெசமாவே கும்பகோணம் போவுதா, போர்டு மட்டும்தானா?" என்பார். சர்க்கார் பஸ்ஸை நம்பாதவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வயலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறது, கிணறு தோண்டி எடுக்கப் போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. ஊர் இரண்டாயிற்று. வேண்டும் என்றவர்களுக்குப் பஞ்சநதம் தலைவர். பத்து மா நிலமும் ஒரு புல்லட்டும் உள்ளவர், கம்பெனிக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறவர். வேண்டாம் என்றவர்களுக்குத் தங்கையன் தலைவர். அவருக்குக் கடைமடையில் நிலம், கணீரென்ற தொண்டை. நான் தங்கையன் கட்சி. நெல் விளைகிற மண்ணைத் துளைபோடுகிறேன் என்கிறவனிடம் எனக்கு என்ன பேச்சு? கரைவேட்டிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். எதிர்க்கட்சியாக இருந்தால் எதிர்த்தார்கள், ஆளுங்கட்சியானதும் பரிசீலித்தார்கள். பஞ்சநதத்தின் ஆடு தங்கையனின் உளுந்துச் செடியைக் கடித்ததற்கு, கம்பெனி ஆடு ஊருக்குள் வரக்கூடாது என்று தட்டி எழுதி வைத்தார்கள். ஆட்டுக்கு இந்த விஷயத்தில் எந்தக் கருத்தும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாலை மறியல் செய்தோம். போலீஸ் எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, கைதானவர்கள் பட்டியலை நீட்டியது. மச்சான் கைதானவர் என்று ஒரு கையெழுத்துப் போட்டார். பட்டியலுக்குச் சாட்சி வேண்டும் என்று ஏட்டு சொன்னதும், நானே இருக்கிறேனே என்று சாட்சிக் கட்டத்திலும் போட்டார். தன்னைக் கைது செய்ததற்குத் தானே சாட்சி சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்த வாரமே ஆட்சியர் அலுவலகத்துக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று மனு போயின. கிணறு வேண்டாம் என்று தங்கையன் கட்சி. கிணறு வேண்டும் என்று பஞ்சநதம் கட்சி. யார் ஜெயித்தாலும் என் டீக்கடையை நகர்த்தக்கூடாது என்று துரைக்கண்ணு. மூன்றிலும் முதல் கையெழுத்து வைரக்கண்ணு.

அதுவரைக்கும் சிரித்தோம். பஞ்சநதம் நாலாவது காகிதத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்த அன்றைக்குச் சிரிப்பு நின்றது. மச்சானின் மூன்று மாவை முப்பது வருஷத்துக்குக் கிணறு தோண்டக் கொடுக்கச் சம்மதம் என்ற பத்திரம் அது. அந்த வயல் தலைமடையில், வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே கிணறு வந்தால் கீழே நாற்பது குடும்பத்து வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அடைபட்டுவிடும். அடியில் வேலி அடைத்தாற்போல் அவர் கையெழுத்து, இரண்டு புள்ளியோடு. இனி அடுத்த திங்கட்கிழமை பதிவு ஆபீசில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

நான் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன மச்சான், தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரியாம எவனாவது கையெழுத்து போடுவானா?"

"மண்ணு பரிசோதனைன்னு சொல்லித்தான் ஊர் ஊரா வாங்குறாங்களாமே, பஞ்சநதம் ஏமாத்திட்டாரா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "போட்ட கையெழுத்து போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தண்ணித் தொட்டியிலேயே அவரைத் தள்ளியிருப்பேன். அக்காள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து மகள் வந்து எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். அக்காள் இரண்டு கட்சியையும் அழைத்திருந்தாள். ஒரே வேனில் ஏறமாட்டோம் என்றதால் இரண்டு வேன். முந்துவது யார் என்று மயிலாடுதுறை வரைக்கும் போட்டி போட்டுக்கொண்டு போய், இரண்டு வேனும் ஒரே ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்றன.

திருக்கடையூரில் அன்றைக்குப் பதினெட்டு ஜோடி. ஒரே புகை. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரை ஜோடியின் தலையில் ஊற்ற வேண்டும். பஞ்சநதம் ஒரு சொம்பு ஊற்றினார் என்பதற்காகத் தங்கையன் இரண்டு சொம்பு ஊற்றினார். பஞ்சநதம் விடுவாரா? முடிவில் மச்சானும் அக்காளும் ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி நின்றார்கள். துண்டோடு நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

குருக்கள் தாலியை மச்சான் கையில் கொடுத்து, "ம், ஆகட்டும். அடுத்த ஜோடி காத்திண்டிருக்கா" என்றார்.

அக்காள் கழுத்தை நீட்டவில்லை. முந்தானையால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்து ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே, பஞ்சநதம் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்த சம்மதப் பத்திரத்தின் நகல். தண்ணீர் ஊற்றுவார்கள் என்று தெரிந்தே உறை போட்டிருக்கிறாள் என்றால், இது நேற்று இன்று யோசித்த காரியம் இல்லை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. அப்பறம் கட்டுங்க" என்றாள்.

"இங்க வச்சா அம்சம்?"

"நாளைக்கு ஆபீஸ்ல கையெழுத்து போட்டப்பறம் கேட்டு என்னா ஆவப்போவுது?"

"குடு அக்கா, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"நீ சும்மா இரு. நிலம் அவங்களுது. அவங்க சொல்லட்டும்."

மச்சான் காகிதத்தை வாங்கினார். அவர் கண் வரிகளில் ஓடவில்லை. நேரே அடியில் இருந்த தன் கையெழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஜோடிக்கு மேளம் கொட்டி முடித்து, அதற்கடுத்த ஜோடிக்கும் கொட்டிவிட்டார்கள். பஞ்சநதமும் தங்கையனும் கையில் காலிச் சொம்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார் மச்சான்.

குருக்கள், "அதனாலென்ன, மந்திரமெல்லாம் நானே சொல்லிடறேன். நீங்க கட்டினா போதும்" என்றார்.

"அது இல்லீங்க சாமி. எனக்கு எழுத்தே தெரியாது. பேரு மட்டும்தான் தெரியும்."

பஞ்சநதம்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னய்யா சொல்ற? தெனம் டீக்கடையில பேப்பர் பாக்குற?"

"படம் பாப்பேங்க" என்றார் மச்சான். பிறகு யாரையும் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசினார். "எங்கப்பன் கைநாட்டு வச்சாரு, நிலம் போச்சு. கையெழுத்து போடக் கத்துக்கிட்டா போவாதுன்னு நெனச்சேன். பெருவெரல்லதான் கொறைன்னு நெனச்சுட்டேன். மண்ணு பரிசோதனைன்னு நீங்க சொன்னீங்க. போட்டேன். தெரியாம போட்டேன்னு சொன்னா, ஏன் படிக்கலன்னு கேப்பாங்க. அதுக்கு நிலமே போனாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

அக்காள் அழுதாள். முப்பத்தேழு வருஷமாக அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கூடப்பிறந்த எனக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு நின்ற இடத்திலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதெல்லாம் என் மேஜையில். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க மச்சான்" என்று காட்டியதைத் தவிர ஒரு நாள், ஒரு வரி, நான் படித்துக் காட்டியதில்லை. அவர் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிய அந்தக் காரியக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

குருக்கள் அவசரப்படுத்தினார். அக்காள் முந்தானையை விலக்கிக் கழுத்தை நீட்டினாள். மச்சான் எண்ணிக்கை தவறிப் போட்டதில் முடிச்சு நாலு ஆகிவிட்டது. ஒன்று கூடினால் தோஷமில்லை என்று குருக்கள் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மச்சான் பதிவு ஆபீசுக்குப் போகத்தான் செய்தார். ஆபீஸ்காரரிடம் பத்திரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். பதினாலு பக்கம். ஒரு மணி நேரம். கடைசியில், "நல்லா எழுதியிருக்காங்க. எனக்குச் சம்மதம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். கம்பெனி வேறு இடம் தேடிப் போனது. அது இன்னும் எங்கெங்கோ தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சண்டை தீரவில்லை. எங்கள் தலைமடை மட்டும் தப்பித்தது.

அதன் பிறகு ஊருக்குப் பிடித்தது சனி. மச்சானுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டதால் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்களை உட்காரவைத்து, அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்கவைத்தார். மாத்திரை அட்டையைப் படிக்கச் சொன்னார். ஒருவர் சாட்சிக் கையெழுத்துக்கு வந்து, பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது தன் தம்பியின் பங்கும் அதில் சேர்ந்திருப்பது வெளியே வந்து, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்.

தங்கையன் புது மனுவோடு வந்தபோது நானும் கூடப் போனேன். மச்சான் வயலில் களை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் கெணறு எதிர்ப்பு மனுதாண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா" என்றார் தங்கையன்.

"படிக்கச் சொல்லுப்பா."

நான் வரப்பில் உட்கார்ந்து படித்தேன். விவசாயிகளின் வாழ்வாதாரம், நிலத்தடி நீர் எல்லாம் வந்தது. மூன்றாவது பக்கத்தின் நடுவில், மேற்படி தங்கையன் வீட்டுக் கொல்லைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறுபாலம் கட்டித்தர வேண்டும் என்றும் வந்தது. தங்கையன் வானத்தில் மேகம் பார்த்தார்.

"அந்தப் பாலத்த எடுத்துட்டு வா, போடுறேன்" என்றார் மச்சான்.

தங்கையன் அங்கேயே அந்த வரியை அடித்தார். நான் தொடர்ந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே தட்டச்சு செய்திருந்ததையும் படித்தேன். "வைரக்கண்ணு, தகப்பனார் பெயர் கண்ணுசாமி, மூன்று மா, தலைமடை."

பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"எங்கப்பன் பேரு எழுதியிருக்கா?"

"ஆமாம் மச்சான்."

"நான் போட்டதுலயெல்லாம் எழுதியிருந்திச்சா?"

"எல்லாத்துலயும் எழுதியிருக்கும்."

அவர் குனிந்து, அது எந்த இடம் என்று கேட்டார். விரலால் காட்டினேன். சேற்றுக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, கட்டைவிரலை அந்த எழுத்தின் மேல் படாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை படி" என்றார். நான் படித்தேன்.