கடைசிக் காட்சியில் அக்காவின் முகம்

அந்தக் கேமராக்காரருக்கு ‘போகஸ்’ என்று பட்டப்பெயர். பெயர் சும்மா வந்துவிடவில்லை. தானே தெளிவு பார்த்துக்கொள்ளும் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் கல்யாண வீடுகளில் திரிந்தபோதும், இவர் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் படம் எடுப்பார். மணப்பெண்ணின் கண் இமையில் போகஸைக் கொண்டுவந்து நிறுத்துவார். கண் எனக்கு இருக்கும்போது மெஷினுக்கு எதற்கு என்று கேட்பார். தலைக்கனம்தான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தவர், தன்னை வளர்த்த அக்காவின் முகத்தை மட்டும் எடுத்ததில்லை. எடுக்க விட்டால்தானே! அக்கா தையல்காரி. கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மறைப்பாள், இல்லையென்றால் சமையலறைக்கு ஓடிவிடுவாள். குடும்பப் படங்களில் யாருடைய தோளுக்குப் பின்னாலோ அரை நெற்றியாக நிற்பாள். அடையாள அட்டையில் ஒரு படம் உண்டு. அதில் திருட்டு கேஸில் பிடித்துவந்தவள்போல முழிப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு குறும்படத்தில் நடித்தாள் என்றால் அது தம்பிக்காகத்தான். முதல் படம் எடுக்க வந்த ஒரு இளைஞன் ஒளிப்பதிவுக்கு இவரைக் கூப்பிட்டிருந்தான். கல்யாண வீடியோவிலேயே காலம் போய்விடுமோ என்று ஏங்கிக் கிடந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. நினைவு தப்பிப்போகும் ஒரு தாயின் கதை. தாயாக நடிக்க வேண்டிய அம்மாள் அன்று காலையில் கையை விரித்துவிட, இவர் அக்காவின் காலில் விழாத குறை. படம் முழுக்க முதுகும் கையும்தான் தெரியும், கடைசியில் ஒரே ஒரு தடவை முகம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

அந்தக் கடைசிக் காட்சியில் தாய் சுவரோரம் உட்கார்ந்து, எதிரே வரும் மகனை யாரோ என்று பார்க்க வேண்டும். மகனாக நடித்தது இயக்குநரே. அதனால் கேமராவில் பார்க்க இவர் ஒருவர்தான் இருந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரே தடவை எடுத்தார், பிரமாதம் என்றார், மூட்டை கட்டினார்கள்.

படம் வெளிவருவதற்குள் அக்கா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இடிந்துபோய்க் கிடந்தவருக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. அக்கா முகத்தை ஒருமுறையாவது பிடித்து வைத்துவிட்டோம், அதையாவது செய்தோம்.

படம் இணையத்தில் வந்ததும் கமெண்டுகள் குவிந்தன. எழுத்து பொடியாக இருக்கிறது என்று சொல்லி, மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆரம்பம் இழுவை என்றார் ஒருவர். கதை எங்கே என்று தேடினார் இன்னொருவர். சட்டைக்குப் பொத்தான் தைக்கும் அந்தக் கைகளைப் பார்த்து என் அம்மாவுக்கு போன் செய்தேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அடுத்ததையும் மனைவி அதே குரலில் வாசித்துக்கொண்டு போனாள்.

“கடைசி ஷாட்ல பின்னாடி சுவர் அவ்வளவு தெளிவா இருக்கு, அம்மா முகம் மட்டும் கலங்கிப் போயிருக்கு. மறதியை இப்படியும் காட்டலாமா? கேமராமேன் கையில முத்தம் குடுக்கணும்.”

அதற்குக் கீழே ஒரு பட்டாளமே கூடியிருந்தது. அந்தக் கலங்கலுக்குள் அந்தத் தாய் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஒரே வாக்குவாதம்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அக்கா முகம் நன்றாகத்தான் இருந்தது. சுவரும் நன்றாகத்தான் இருந்தது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மனைவியைக் கேட்டார். அவள் தயங்கினாள். ‘சுவத்துல இருக்கிற விரிசல்கூடத் தெரியுதுங்க. நீங்க யோசிச்சுப் பண்ணினதுன்னுல்ல நெனைச்சேன்’ என்றாள். இயக்குநருக்கு போன் போட்டால், அவன் அடுத்த படத்திலும் இதே மாதிரி ஒன்று வேண்டும் அண்ணா என்று குதித்தான். இவர் ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சமாளித்தது கை. பழக்கத்தில் வளையத்தைத் திருப்பி, பழக்கத்தில் நிறுத்தியிருக்கிறது. தன் கண்ணைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்பே அக்கா மகள் வந்து கேட்டிருந்தாள். அம்மாவின் தையல் மெஷினில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். படத்தில் வராத மிச்சம் இருக்குமே மாமா, அதில் அம்மா தெளிவாக இருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுங்கள், சுவரில் மாட்ட வேண்டும் என்றாள். கண் கட்டு அவிழ்ந்ததும் இவர் செய்த முதல் வேலை, கணினி முன்னால் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்ததுதான். புதுக் கண்ணுக்குச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. அக்கா முகம் ஒரு இடத்திலும் தெளிவாகத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மனைவி ஓடிவந்து துடைத்துவிட்டாள்.

எத்தனை நாள் தள்ளிப்போடுவது? ஒருநாள் வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா மகள் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“பாப்பா, உங்கம்மா அதுல எங்கேயும் தெளிவா இல்லம்மா. ஜனங்க சொல்ற மாதிரி யோசிச்சுப் பண்ணினது இல்ல. எனக்குக் கண்ணு தெரியல.”

“தெரியும் மாமா.”

அவர் விழித்தார். அவள் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கு ஷூட்டிங் முடிஞ்சு வந்ததுமே அம்மா சொல்லிட்டாங்க. லென்ஸ் மூடி உங்க கால்கிட்டயே கிடந்துச்சாம். நீங்க தரையெல்லாம் தடவித் தேடினீங்களாம். அதைப் பார்த்துட்டு கடைசி ஷாட்டுக்கு வந்து உட்கார்ந்தவங்களுக்கு அழுகை நிக்கவே இல்லையாம். நீங்க என்னடான்னா, ‘நல்லா சிரிக்கிறக்கா, அப்படியே இரு’ன்னு சொன்னீங்களாம். தம்பிக்குக் கண்ணு போகுது, வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிடும், நானே பக்குவமா சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னாங்க. அதுக்குள்ள...”

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சுமா என்கிட்ட வந்து படம் கேட்ட?”

“ஒரு இடத்துலயாவது அம்மா தப்பித்தவறி தெளிவா விழுந்திருப்பாங்களோன்னு ஒரு ஆசைதான் மாமா,” என்றாள் அவள்.