பஜ்ஜித் தட்டுக்குக் கீழே ஒரு கத்திரிப்பூத் துண்டு

போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு அம்புஜத்தின் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்களோ இல்லையோ, நான் தைத்த மேஜை விரிப்பை நன்றாகப் பார்த்துவிட்டார்கள். வந்தது வினை!

விரிப்பு மோகம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்கிறீர்களா? சாந்தோமில் இருக்கும் ரோஸி டீச்சர் வீட்டில்தான் பிடித்தது. சின்னச் சின்னச் சதுரத் துணிகளை ஒட்டுப்போட்டு, மேஜையின் நடுவே நீளமாக ஓடும்படி ஒன்று தைத்து வைத்திருந்தார். 'ரன்னர்' என்று பெயராம். அதைப் பார்த்ததிலிருந்து நமக்கும் ஒன்று வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. டீச்சரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"கால் இஞ்ச் விட்டுத் தைங்கன்னு சொன்னேன். நீங்க இந்தப் பக்கம் கால் இஞ்ச், அந்தப் பக்கம் அரை இஞ்ச் விட்டிருக்கீங்க. அப்புறம் மூலையும் மூலையும் எப்படிம்மா சேரும்?"

சேரவில்லைதான். வெட்டும்போது என் சதுரங்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. தைக்கத் தைக்க ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டன. பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன்... கடைசியில் ஒரு முனை அகலமாகவும் ஒரு முனை ஒடுக்கமாகவும் விரிப்பு என்று ஒன்று உருவாயிற்று. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"கீழே உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிற வீட்டில் மேஜைக்கு எதற்கடி புடவை?" என்றார் என் வீட்டுக்காரர். இவர்தான், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் ஏலத்தில் அந்த மேஜையை எடுத்து வந்து, அதன்மேல் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருந்தவர்!

சரி, துணிக்கு எங்கே போனேன்? யுத்தம் முடிந்துவிட்டது, துணி மட்டும் இன்னும் கடைக்குத் திரும்பவில்லை. ஆனால் என் பீரோவில் ரவிக்கைத் துண்டுகள் இருந்தன. கொலுவுக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு மடித்துக் கொடுப்பார்களே, அவைதான். அவற்றைத் தைத்துப் போட்டுக்கொண்டவர் யாராவது உண்டா? இங்கே வாங்குவோம், அங்கே கொடுப்போம். யுத்தத்தில் துணிக்குக் கண்ட்ரோல் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஒரே துண்டு மடிப்புக் கலையாமல் ஊர் சுற்றுகிறது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் கத்தரிக்கோலை எடுத்து, ஊர் சுற்றிக்கொண்டிருந்த துண்டுகளை நடுவழியில் இறக்கிவிட்டேன்.

அதில் கத்திரிப்பூ நிறத்தில், ஜரிகைப் புள்ளி வைத்த துண்டு ஒன்று. அம்புஜம் கொடுத்தது. பார்க்க அழகாக இருந்ததால் அதை விரிப்பில் நான்கு இடத்தில் வைத்தேன்.

வியாழக்கிழமை அம்புஜம் வந்தாள்.

"ஏண்டி, நாளைக்குச் சரோஜாவைப் பார்க்க வரவா தியாகராய நகர். அவாத்துல எல்லாம் மேஜைதான். உன் மேஜையைக் கொஞ்சம் கொடேன். சரோஜா அந்தப் பையன் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்துண்டிருக்காடி. இதுவும் தட்டிப்போச்சுன்னா கொழந்தை ஒடைஞ்சு போயிடுவா."

ஏற்கனவே இரண்டு இடம் ஒன்றுமில்லாத காரணத்துக்குத் தட்டிப்போயிருந்தது. மேஜை என்ன, வீட்டையே கொடுத்திருப்பேன். விரிப்போடு கொடுத்தேன். நானே போய் விரித்தும் வைத்தேன்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. பஜ்ஜித் தட்டோடு வந்த அம்புஜம் மேஜையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தக் கத்திரிப்பூ... அது அந்த மாமி, பையனோட அம்மா, கொடுத்ததுடி! நவராத்திரிக்கு அவாத்துக்குப் போனப்போ ஆசையாக் கொடுத்தா. நான் உனக்குத் தள்ளிட்டேன்."

பீரோவில் எத்தனையோ துண்டு இருக்க, அதையா நான்கு இடத்தில் வைத்துத் தொலைப்பேன்?

மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பஜ்ஜித் தட்டை ஒன்றின்மேல் நகர்த்தினேன். சொஜ்ஜித் தட்டு இன்னொன்றை மூடியது. வெற்றிலைத் தட்டை மூன்றாவதன்மேல் வைத்தேன். நான்காவதற்கு மாமாவின் காபி. அங்கேதான் கெட்டது காரியம். மனிதர் ஒவ்வொரு வாய்க்கும் டவராவோடு தூக்கினார்! தூக்கும்போதெல்லாம் ஜரிகைப் புள்ளி பளிச்சென்று சிரித்தது. "இன்னும் கொஞ்சம் காபி விடட்டுமா?" என்று நான் கூஜாவை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

மாமி பார்த்துவிட்டாள்.

"இந்தத் துணி... எங்கேயோ பார்த்தாப்பல இருக்கே?"

"கத்திரிப்பூ கலர்தானே மாமி? கடைக்குக் கடை கெடைக்கறதே" என்றேன் நான்.

"கடையிலயா? வெள்ளை மல் துணியே கெடைக்கலை!" மாமி சொஜ்ஜித் தட்டை ஒரு விரலால் தள்ளினாள். அடியில் இன்னொரு கத்திரிப்பூ. "இது நான் கொலுவிலே கொடுத்ததாச்சே..."

அவள் பார்வை மெல்ல அம்புஜத்தின் பக்கம் திரும்பியது. அம்புஜம் மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இடம் தட்டிப்போயிற்று, என் கோணல் சதுரத்தால் தட்டிப்போயிற்று என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதுவரை வாயே திறக்காத பையன் குனிந்து துணியைப் பார்த்தான்.

"அம்மா, இது பெங்களூர் அத்தை உனக்குக் கொடுத்ததுன்னோ? 'இந்தக் கலரை யார் போட்டுப்பா'ன்னு நீதானே பீரோவிலே தூக்கிப் போட்டே?"

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சரோஜா! பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கலாமா? சிரித்துவிட்டாளே! பையன் நிமிர்ந்து கதவைப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்தான். மாமாவுக்குக் காபி புரை ஏறியது. மாமி யாரை முறைப்பது என்று தெரியாமல் மகனை முறைத்துப் பார்த்து, முடியாமல் தானும் சிரித்துவிட்டாள்.

"போறும்டா, மானத்தை வாங்காதே" என்றவள் என்னிடம் திரும்பி, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுத் தரணும். கத்திரிப்பூ மட்டும் வேண்டாம்!" என்றாள்.

உண்மை சொல்லும் பிள்ளை, சிரிக்கத் தெரிந்த பெண். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோஸி டீச்சரிடம் சொன்னேன். "மூலை சேரலைன்னாலும் ஜோடி சேர்ந்திடுச்சு, போங்க" என்றார்.

தையில் கல்யாணம். அந்த விரிப்பைத்தான் அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறேன். வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது பாருங்கள் — மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரைக்கும் அதை இப்போது எல்லோருக்கும் அடையாளம் தெரியும்!