அண்ணன் மடியில் நடந்த காதுகுத்து

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இன்று எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் கூடியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனின் சிறுநீரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் திடுக்கிட்டார். "நாலு பேர் படிக்கிற புஸ்தகம், வேற நல்ல விஷயமா எழுதேன்" என்றார். அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாருடைய அண்ணனையோ பற்றி எழுதியது போல் ஆகிவிடும். ஆகவே எழுதுகிறேன். முகம் சுளிப்பவர்கள் இரண்டு பக்கம் தள்ளிப் படிக்கலாம்.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில். வடார்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பாவைப் போல அவரும் சுரங்கத்தில் இறங்கினார். நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், பூமிக்கடியில் பாறை சரிந்து அவர் முதுகில் விழுந்தது. உயிர் தப்பினார், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அப்பா காலமாகியிருந்தார். அம்மா அண்ணனையும் பத்து வயதான என்னையும் அழைத்துக்கொண்டு பெங்களூர் வந்துவிட்டார். கையால் சுற்றும் தையல் மெஷினில் அண்ணன் வேலை கற்றுக்கொண்டார். காக்ஸ் டவுன் டீச்சரம்மாக்கள் ரவிக்கைக்கும், அவர்கள் வீட்டு ஆண்கள் கால்சட்டைக்கும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

கால் போனதை அண்ணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைப் பாடாய்ப் படுத்தியது சிறுநீர்தான். அது தானாகக் கழியாது என்பதால் உள்ளே ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைச் சக்கர நாற்காலியின் கீழே ஒரு பாட்டிலில் விட்டிருந்தோம். குழாய் அடைத்துக்கொண்டால் சுற்றி ஒழுகும். வேட்டி நனையும். பிறகு குளிர் ஜுரம் வரும். அம்மா இருந்தவரை அம்மா குழாயைக் கொதிக்க வைத்தார், பிறகு நான். "கடையில கஸ்டமரை விட ஈக்கூட்டம்தாம்மா ஜாஸ்தி" என்று அண்ணனே கேலி பேசுவார். ஆனால் கூட்டம் உள்ள எந்த இடத்துக்கும் வரமாட்டார். என் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வந்தவர் வாசலோடு இருந்துவிட்டார்.

அதை நான் பொறுத்துக்கொண்டேன். என் மகள் பிறந்தபிறகு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். அண்ணன் முடியவே முடியாது என்றார்.

"ஈரமும் நாத்தமுமா இருக்கிற மடிம்மா இது. கொழந்தைய இதுல வெக்காத."

"அப்ப அவ காது அப்படியே கெடக்கட்டும்ணா" என்றேன்.

என் மாமியார் விடவில்லை. "பொட்டப்புள்ள காது மொட்டையா இருக்குது. ஒன்னுவிட்ட தம்பி இருக்கான் இல்ல, அவன் மடியில வெச்சுக் குத்திட்டுப் போயேன்" என்றார். நான் அசையவில்லை. அண்ணனும் அசையவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே ரத்தம். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

அப்போதுதான் அண்ணனுக்கு விடாத ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீர் பின்னோக்கி ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் கெடுக்கிறது என்றார் சர்ஜன். சிறுகுடலில் ஒரு சாண் துண்டை எடுத்து, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களை அதில் தைத்து, அதன் வாயை வயிற்றில் ஒரு துளையாகத் திறந்து வைப்பார்களாம். அங்கே ஒட்டிய ரப்பர் பையில் சிறுநீர் சேருமாம். இங்கே இது புதிய ஆபரேஷன், உயிருக்கும் ஆபத்து உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அண்ணன் ஒன்றுதான் கேட்டார்.

"டாக்டர், அதுக்கப்புறம் மடி காஞ்சிருக்குமா?"

டாக்டர் விழித்தார். நான் காதுகுத்து விவகாரத்தைச் சொன்னேன். "பை நல்லா ஒட்டினா காஞ்சிருக்கும்" என்றார் அவர்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணனைப் படுக்க வைத்து, துளை வரவேண்டிய இடத்தில் மையால் குறி வைத்தார்கள். டாக்டர் நகர்வதற்குள் அண்ணன் வேட்டியைக் கட்டிக்கொண்டு தன்னை நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். உட்கார்ந்ததும் குறி வயிற்று மடிப்புக்குள் போய், வேட்டிக் கட்டுக்குக் கீழே மறைந்துவிட்டது.

"நான் டெய்லரு சார். நாளெல்லாம் உக்காந்திருக்கிறவனுக்குப் படுக்க வெச்சு அளவெடுத்தா எப்படி? இந்த மடிப்புல பை நிக்காது."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஸ்பிரிட்டால் பழைய குறியை அழித்துவிட்டு இரண்டு விரற்கடை மேலே புதிதாக வைத்தார். "இப்ப அளவு சரியா டெய்லரே?" என்றார். அண்ணன் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

பிழைத்து வந்தார். பையை இறுக்கிப் பிடிக்க ஒரு கித்தான் பெல்ட்டைத் தானே தைத்துக்கொண்டார். அதன்பின் ஐந்து வருஷம், அழைத்த ஒரு கல்யாணத்தையும் அவர் விடவில்லை. போன மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி, மூன்றே நாளில் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. அண்ணன் உயிரைக் காத்ததோடு காதுகுத்துக்கும் வந்த டாக்டருக்கு. பை ஒட்டும் பக்குவத்தை எனக்கு நான்கு நாள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த வார்டு நர்சம்மாவுக்கு. ஒவ்வொரு முறையும் அண்ணனைத் தூக்கி ஜட்கா வண்டியில் ஏற்றிய பக்கத்து வீட்டு ரஹீம் பாய்க்கு. மூன்று வருஷம் என்னோடு மல்லுக்கட்டிய மாமியாருக்கும்தான்.

கடைசி நன்றி என் மகளுக்கு. காதுகுத்தன்று அண்ணன் பட்டு வேட்டி கட்டி, அவளை மடியில் வைத்திருந்தார். பத்தர் முதல் காதில் குத்தியதும் அலறினாள். இரண்டாவது காது முடிந்தபோது அண்ணனின் பட்டு வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பை விட்டுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். உணர்வில்லாத அண்ணனுக்கு நனைந்ததே தெரியவில்லை. எல்லோர் கண்ணும் போன இடத்தைப் பார்த்துத்தான் குனிந்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. பிறகு பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அவள் பாவாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னைப் பாக்காதீங்க. இது என் மருமக வேலை" என்றார்.

கூடமே சிரித்தது. வேட்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னோம். கேட்கவில்லை. பதினான்கு வருஷம் தன் ஈரத்தை ஊர் கண்ணில் படாமல் மறைத்த அண்ணன், அன்று நனைந்த வேட்டியோடு பந்தி பந்தியாகப் போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.