நாற்பத்தாறு விசைகள்

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். முப்பத்தொரு வருடம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டின் பின்னறையில் ஒரு மாதிரி விமானி அறையைக் கட்ட ஆரம்பித்தார். ஒட்டுப்பலகைச் சட்டம், பழைய கார் இருக்கை, மூன்று திரைகள், நாற்பத்தாறு விசைகள். பதினான்கு மாதம் பிடித்தது. "துணி காயப்போட இருந்த ஒரே இடமும் பறந்து போச்சு" என்றாள் மனைவி.

ஆசைக்குக் கட்டியது அவசரத்துக்கு வந்து நின்றது. விமானப் பயிற்சியில் இருந்த மகள், கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை இறக்கும் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுதேர்வு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அதிலும் தோற்றால் பயிற்சிப் பள்ளியில் இடமில்லை. பள்ளியின் பயிற்சி இயந்திரத்தில் அதற்குள் ஒரு மணி நேரம்கூடக் காலியில்லை. மிச்சம் இந்தப் பின்னறைதான். அது எந்த மென்பொருளில் ஓட வேண்டும் என்பதே புதன்கிழமை காலைவரை முடிவாகவில்லை.

கையில் இரண்டு இருந்தன. ஒன்று, கணினிக் கடை வைத்திருந்த மைத்துனர் கொண்டுவந்தது. திரையில் ஆற்று நீர் மினுங்கும், மரத்துக்கு நிழல் விழும். மற்றது பழையது, தரை வெறும் பச்சையாகத் தெரியும், ஒவ்வொரு விசைக்கும் ஒரு வரி கட்டளை கையால் எழுதித்தர வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்?" என்று மைத்துனர் முதலாவதைப் போட்டார். மணி பத்து பத்து. நிஜ விமானத்தில் சக்கரத்தை இறக்கத் தள்ளுவதுபோல் மகள் பிடியைக் கீழே தள்ளினாள். திரையில் சக்கரம் மேலே போயிற்று.

மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். லிஃப்ட்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. லிஃப்டில் பாதுகாப்புச் சுற்றில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கம்பி அறுந்தால் லிஃப்ட் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் நாற்பத்தாறு விசைகளையும் அப்படியே, அணைத்திருக்கும்போது மின்சாரம் ஓடும்படி, இணைத்திருந்தார். முதல் மென்பொருள் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்தது. மாற்றிப் படிக்கச் சொல்ல அதில் வழியில்லை. கம்பிகளைப் பிரித்து இணைக்கக் குறைந்தது பத்து நாள் ஆகும்.

"ரெண்டு நாளைக்கு மாத்தி நினைச்சுக்கட்டும், அவ்வளவுதானே" என்றார் மைத்துனர்.

"பரவால்லப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள். நேரம் ஓடுகிற பயம் அவளுக்கு.

மதியம் ஒரு மணிக்குள் ஒன்பது முறை விமானத்தை இறக்கினாள். கடைசி ஐந்தும் பிசகே இல்லை. மைத்துனர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்: "கண்ணை மூடும்மா. ஓடுபாதைக்கு அஞ்சு மைல் இருக்கு. சக்கரத்தை இறக்கு."

அவள் கை காற்றில் மேலே போயிற்று.

அவள் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

இரண்டு இருபதுக்கு அவர் பழைய மென்பொருளைப் போட்டு எழுத உட்கார்ந்தார். மகள் விசையைத் தட்டி எண்ணைச் சொல்லச் சொல்ல, வரிக்கு வரி 'திருப்பிப் படி' என்று சேர்த்தார்.

"பச்சைப் பாயை விரிச்ச மாதிரி இருக்கு. இதைப் பாத்துக்கிட்டா ஓட்டுவா?" என்றார் மைத்துனர்.

"மேகத்துக்குள்ள எனக்கு ஆறு எதுக்கு மாமா, குளிக்கவா?" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாவது வரியில் பிழை விழுந்து, அதைத் தேட நாற்பது நிமிடம் போயிற்று. ஐந்து ஐம்பதுக்கு எல்லாம் சரியாயின.

முதல் முறை அவள் கை பிடிக்கு அடியில் போய் மேலே தூக்கிற்று. பிடி ஏற்கெனவே மேலேதான் இருந்தது. சக்கரம் இறங்கியதாக நினைத்து வந்தாள். விமானம் வயிற்றால் உரசி நின்றது. இரண்டாம் முறையும் அதேதான். "காலையில நான் நிறுத்தியிருக்கணும்" என்றார் லிஃப்ட்காரர். "பேசாதீங்கப்பா, இன்னொரு தடவை" என்றாள்.

வியாழன் மாலைக்குள் முப்பத்தெட்டு முறை இறக்கியிருந்தாள். நான்கில் கை தவறியது. கடைசிப் பதினொன்றில் தவறவில்லை. அத்தோடு மின்சாரத்தை அணைத்து, போய்ப் படுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பத்திரண்டுக்கு ஃபோன் வந்தது.

"பாஸ்ப்பா."

அவர் கேட்டார்: "கை?"

"ஒரு தடவை அடியில போச்சுப்பா. தூக்கப் பாத்தேன், நகரல. சக்கரம் இறங்கினா எரியற பச்சை விளக்கும் வரல. சட்டுனு கீழ தள்ளிட்டேன்."

"எத்தனை விநாடி?"

"மூணு இருக்கும். தேர்வு வெச்சவர் பாத்தார். ஒண்ணும் சொல்லல."

மனைவியிடம் பாஸ் என்பதை மட்டும் சொன்னார். பின்னறைக்குப் போய் முதல் மென்பொருளைக் கணினியிலிருந்து அழிக்க ஆணை கொடுத்தார். அது முழுதாக அழிய நான்கு நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் உட்காரவில்லை.