புல் ஊறிய தண்ணீர்

ராணி கால் மாற்றி மாற்றி நிற்பதைத்தான் முதலில் பார்த்தேன். முன்னங்கால்களை நீட்டி வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டு, சுடுமணலில் நிற்பவள்போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். தரையில் சூடு ஏது? ஐப்பசி மழை விட்டு கொல்லை முழுக்கச் சேறாகக் கிடந்தது.

ராணி எங்கள் வண்டிக் குதிரை. என் கணவர் காதர் அவளைப் பூட்டிக்கொண்டு பாபநாசம் ரயிலடியிலிருந்து சுற்று ஊர்களுக்குச் சவாரி போவார். அவள் நடந்தால்தான் எங்கள் வீட்டில் உலை. கொஞ்சம் தின்றாலும் உடம்பு வைத்துவிடும் குதிரை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் பட்டது நீங்கள் பட வேண்டாம்.

“லாடம் குத்துது போல” என்றார் காதர். லாடத்தைக் கழற்றிப் பார்த்தோம். அப்போதும் அவள் ஓரடி எடுத்து வைக்கவில்லை. குளம்பில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

கழக ஆட்சி வந்து, கூலி, குத்தகை என்று ஊரெல்லாம் புதுச் சட்டங்களைப் பற்றியே பேசிய காலம் அது. எங்கள் கொல்லையை ஒட்டிய வயலுக்காக மிராசுதாரும் குத்தகைக்காரரும் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். குறுவை அறுத்த பிறகு தாளடி (இரண்டாம் போகம்) நடவுக்கு ஒருவரை ஒருவர் இறங்கவிடவில்லை. சும்மா கிடந்த வயலில் மறுதாம்பு (அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிர்) முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஊடே இளம்புல். ராணியை அதில்தான் கட்டினோம். “குதிரைதானே, தின்னுட்டுப் போவுது” என்றார்கள் இரண்டு பேருமே. அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கூலித் தகராறில் தெருமுனையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. சவாரிக்கு ஆளில்லை. ராணி நின்ற இடத்தில் நின்று தின்றாள்.

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா வயல் வேலைக்குப் போகிறவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அவரும் வேலைக்குப் போகாமல் இருந்தார். அவர் வீட்டில் ஒருவேளைதான் சமையல். அந்த ஒருவேளைக் கழுநீரையும் (அரிசி களைந்த தண்ணீர்) வாளியில் கொண்டுவந்து ராணிக்கு வைப்பார். “எங்க வீட்ல மாடு இல்ல பாத்திமா. இவளாவது குடிக்கட்டும்” என்பார். ராணியின் பிடரி தடித்தது. சதை இரண்டு பக்கமும் எழும்பி, முதுகு நடுவில் வாய்க்கால் விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாகத் தேறிவிட்டாள் என்றார்கள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். குளம்புக்கு மேலே விரல் வைத்து நாடி பார்த்தார். குளம்பழற்சி (குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சதை வீங்கிப் பிய்ந்துபோவது) என்றார்.

“எதனால டாக்டர்?”

“தீனியாலம்மா. பச்சையும் கழுநீரும் ஏறிப்போச்சு. வேலையும் இல்ல. உள்ள இருக்கிற எலும்பு கீழ எறங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்.”

அரை மரக்கால் கூடுதல் கூலி நெல்லுக்காக ஊரே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, தின்றதால் ஒரு உயிர் போகும் என்று ஒருவர் சொல்கிறார். கமலா அக்கா வாளியோடு வேலியோரம் நின்றிருந்தார். “சாப்பாட்டாலயா?” என்று மட்டும் கேட்டார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

மருத்துவர் சொன்னபடி கொட்டகையில் மணலை மெத்தென்று பரப்பினோம். குளம்புகளில் ஈரச்சாக்கு சுற்றினோம். வலிக்கு ஊசி. பச்சை, கொள்ளு, தவிடு எதுவும் கூடாது. காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புல்லை மட்டும் அளவாகப் போட வேண்டும். சுத்தமாக நிறுத்திப் பட்டினி போடவும் கூடாது, அது வேறு நோயில் கொண்டுபோய் விடும் என்றார்.

எல்லாம் செய்தும் சூடு இறங்கவில்லை. ராணி படுத்தே கிடந்தாள். மறுபடி வந்த மருத்துவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடிதண்ணீர்த் தொட்டி அருகே நின்றுவிட்டார். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

“என்ன இது?”

“புல்லு ஊறின தண்ணிங்க” என்றார் காதர். “கீழ ஊத்த மனசு வரல. சத்தெல்லாம் அதுலதானே இருக்கு.”

“ஆமா. அதனாலதான் கொட்டச் சொன்னேன்.”

காதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அரிசி களைந்த தண்ணீரோ பருப்பு ஊறிய தண்ணீரோ சாக்கடைக்குப் போனதில்லை, மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். பழகிய கை அப்படி. அவரே தொட்டியைக் கவிழ்த்தார். சேற்றில் பரவிய அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகுதான் குளம்பின் சூடு மெல்ல மெல்லத் தணிந்தது. ராணி எழுந்து நின்றாள். தை பிறந்து, மண் காய்ந்தபின் கொல்லையைச் சுற்றி நடந்தாள். மேய விடும்போது அதிகம் தின்ன முடியாதபடி, மாட்டுக்குப் போடும் வாய்க்கூட்டை மாட்டினோம்.

குளம்பு நகம் மாதிரி, மேலிருந்து வளர்ந்து இறங்கும். நோய் வந்த ஐப்பசி ராணியின் குளம்பில் ஒரு வளையமாகப் பதிந்திருந்தது. நான் நாட்காட்டி பார்ப்பதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தேன். பொங்கலுக்கு அது குளம்புக்கு மேலே மயிர் முடிகிற இடத்தை விட்டு இறங்கியிருந்தது. ஆடியில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில், லாடக்காரர் குளம்பைச் சீவும்போது அந்த வளையம் துண்டாகக் கீழே விழுந்தது. காதர் அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, “போன வருஷத்து ஐப்பசி” என்றார்.

வழக்கு முடிந்து வயலில் சம்பா நின்றது. கமலா அக்கா களையெடுத்துவிட்டு வரப்பில் ஏறி வந்தார். “என்ன பாத்திமா, விலா எலும்பு தட்டுப்படுதே” என்று ராணியைத் தடவினார். தட்டுப்பட வேண்டும், அக்காவுக்கும் அது தெரியும்.

எங்கு பார்த்தாலும் பச்சை. அதைப் பார்த்து மனம் குளிர்ந்த காலம் எனக்குப் போய்விட்டது. காலையில் முகம் கழுவும் முன்பே குளம்பில் கை வைத்துப் பார்க்கிறேன். அக்கா வந்த அன்றும் வைத்தேன். குளிர்ந்திருந்தது. ராணி என் கையை மோந்து பார்த்து, வயல் பக்கம் திரும்பிக் கனைத்தாள். பசிதான். ஊறிய புல்லுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.